கொழும்புக்குப் படிக்க வருகிறவருக்கு: குலைந்துபோன நாளைத் திரும்பக் கட்டுவது எப்படி

யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ ஹற்றனிலிருந்தோ படிக்கவென்று கொழும்புக்கு வரும் மாணவர் பலரும் முதல் இரண்டு வாரங்களைப் புதுமையின் வேகத்திலேயே கடந்துவிடுகிறார்கள். பதிவு, அறிமுக நிகழ்ச்சிகள், அறை தேடுதல், பஸ் இலக்கங்களைப் பாடமாக்குதல் என்று பொழுது ஓடிவிடும். சிக்கல் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் தலைகாட்டுகிறது. இரவு இரண்டு மணிக்கு முன் தூக்கம் வருவதில்லை, காலை எட்டு மணி விரிவுரை தவறுகிறது, தவறிய விரிவுரையின் குறிப்பைக் கேட்க வெட்கமாக இருக்கிறது, பகல் முழுவதும் ஒன்றும் சாப்பிடாமல் கிடந்துவிட்டு இரவு பத்து மணிக்குக் கொத்து ரொட்டி வாங்குகிறோம், அம்மா தொலைபேசியில் "சாப்பிட்டியா?" என்று கேட்டவுடன் காரணம் தெரியாமல் கண் கலங்குகிறது. உயர்தரத்துக்கு அவ்வளவு ஒழுங்காகப் படித்த நான் இப்படிச் சோம்பேறியாகிவிட்டேனே என்று அந்த மாணவர் தன்னையே நொந்துகொள்கிறார்.

வவுனியாவிலிருந்து வந்து வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் பின்பக்க அனெக்ஸில் தங்கியிருந்த முதல் அரையாண்டில் நானும் அப்படித்தான் நொந்துகொண்டேன். பிறகு பல ஆண்டுகளாகப் புதுமுக மாணவர்களோடு பேசிவந்ததில் ஒன்று எனக்கு உறுதியாகத் தெரிந்திருக்கிறது: ஊரில் நம்முடைய பழக்கங்களைத் தாங்கிநின்ற தூண்கள் நம்மோடு பஸ்ஸில் ஏறி வருவதில்லை. தூண் இல்லாத இடத்தில் கூரை சரிந்தால் கூரையைத் திட்டிப் பயனில்லை. அந்தத் தூண்களை இங்கே ஒவ்வொன்றாக எப்படி நடுவது என்பதையே இந்தக் கட்டுரை படிப்படியாகச் சொல்கிறது.

முதற்படி: உங்களை எழுப்பியது யார் என்று எழுதுங்கள்

ஊரில் நீங்கள் ஐந்தரை மணிக்கு எழும்பியது உங்கள் மனவுறுதியால் மட்டும் நடந்த காரியமன்று. கோயில் மணி அல்லது பள்ளிவாசலின் பாங்கு, அடுப்படியில் பாத்திரச் சத்தம், ஆறு மணி ரியூசன், சந்தியில் சைக்கிளோடு காத்துநிற்கும் கூட்டாளி ஆகிய அத்தனையும் சேர்ந்துதான் உங்களை எழுப்பின. நீங்கள் சாப்பிட்டது யாரோ தட்டில் போட்டு வைத்ததால்; படுத்தது வீட்டில் விளக்கு அணைந்ததால். வெண்டி வுட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2005இல் வெளியிட்ட ஆய்வொன்று, ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறிச் சென்ற மாணவர்களைப் பின்தொடர்ந்து இதையே காட்டியது. உடற்பயிற்சி, பத்திரிகை வாசிப்பு போன்ற பழக்கங்கள் புதிய இடத்தின் சூழல் பழையதை ஒத்திருந்த அளவுக்கே நிலைத்தன. சூழல் மாறியபோது பழக்கத்தின் பிடியும் தளர்ந்தது.

நமது மாணவருக்கு இந்த மாற்றம் இரட்டிப்பாக நேர்கிறது. உயர்தரப் பரீட்சை முடிந்து, பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளி வெளியாகி, பதிவு நடக்கும் வரை பல மாதங்கள், சிலருக்கு ஓர் ஆண்டுக்கும் மேலாக, ஒரு நேரசூசியும் இல்லாமல் கழிகின்றன. பரீட்சைக்கு முன் மணிக்கணக்கில் பிரித்து வாழ்ந்த ஒருவர், அந்த நீண்ட காத்திருப்பிலேயே பாதி ஒழுங்கை இழந்துவிட்டுத்தான் கொழும்புக்கு வருகிறார்.

ஆகவே முதல் வாரத்திலேயே ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு கிழித்து, இடப்பக்கம் ஊரில் ஒவ்வொரு நாளும் செய்தவற்றையும், வலப்பக்கம் அதைச் செய்ய வைத்த ஆளையோ சத்தத்தையோ இடத்தையோ எழுதுங்கள். வலப்பக்கத்தில் உள்ளவற்றில் எத்தனை இங்கே இல்லை என்று பார்க்கும்போதே, உங்கள் மீது உங்களுக்கு இருந்த கோபத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். அடுத்துச் செய்ய வேண்டிய வேலையின் பட்டியலும் அதுவேதான்.

இரண்டாம் படி: நேரம் குலைந்தால் மனம் ஏன் தளர்கிறது என்பதை விளங்கிக்கொள்ளுங்கள்

காரணம் விளங்காமல் செய்யும் ஒழுங்கு நெடுநாள் நிற்காது என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஒரு சிறிய நரம்புக் கூட்டம் உடலின் கடிகாரமாக வேலை செய்கிறது. தூக்கம், உடல் வெப்பநிலை, பசி, விடியற்காலையில் உடலை உசுப்பும் கோர்ட்டிசோல், இருட்டியதும் சுரக்கும் மெலட்டோனின் ஆகியவற்றுக்கு நேரம் குறிப்பது அதுதான். அத்தகைய கடிகாரம் உயிரணுவுக்குள் எப்படி இயங்குகிறது என்பதைப் பழ ஈக்களைக் கொண்டு கண்டறிந்ததற்காகவே ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ரோஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கடிகாரம் தானாகவே சரியாக ஓடிக்கொண்டிருப்பதில்லை; காலை வெளிச்சம் அதை நாள்தோறும் திருத்தி வைக்கிறது.

வெளிச்சத்தைத் தவிர இன்னொன்றும் அதைத் திருத்துகிறது: மனிதர்கள். 1988இல் சிண்டி ஏலர்ஸ், எல்லென் ஃபிராங்க், டேவிட் குப்ஃபர் ஆகியோர் முன்வைத்த கருத்தின்படி, வாழ்க்கையில் ஒரு பெரிய மாற்றம் நேரும்போது, நம் நாளுக்கு நேரம் குறித்துக் கொடுத்த ஆட்களும் வேலைகளும் விலகிப்போகின்றன. அதனால் தூக்கமும் பசியும் குழம்புகின்றன. இயல்பிலேயே பாதிப்புக்கு ஆளாகக்கூடிய ஒருவரிடம் அந்தக் குழப்பம் மனச்சோர்வாக முற்றலாம். இதை அடிப்படையாகக் கொண்டு ஃபிராங்க் பின்னர் இருமுனை மனநோய்க்கான, அதாவது மனம் மிதமிஞ்சிய எழுச்சிக்கும் ஆழ்ந்த சோர்வுக்கும் இடையே மாறும் நோய்க்கான, ஒரு சிகிச்சை முறையையே வகுத்தார். துக்கமாக இருப்பதால் தூக்கம் கெடுகிறது என்றுதான் நாம் வழக்கமாக எண்ணுகிறோம். ஆனால் நீடித்த தூக்கமின்மை மனச்சோர்வுக்கு முன்னாலேயே வருவதும், அதற்கான வாய்ப்பைக் கூட்டுவதும் பல ஆய்வுகளில் காணப்பட்டுள்ளது. இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகின்றன.

எல்லாவற்றுக்கும் பழக்கம்தான் காரணம் என்று நான் சொல்லவரவில்லை. பணமுடை, ஆங்கிலவழி விரிவுரை விளங்காமை, ஊர் நினைவு ஆகியவற்றுக்கும் தம்தம் பங்கு உண்டு. குறிப்பாக, இரவிரவாக உங்களைத் தொலைபேசியில் பிடித்துவைத்துத் தூங்கவிடாமல் செய்வது சீனியர்கள் என்றால் அது பழக்கக் குறைபாடே அல்ல. அது பகிடிவதை, 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் குற்றம். அதற்கு மருந்து அதிகாலையில் எழும்புவது அல்ல, முறைப்பாடு செய்வதே.

மூன்றாம் படி: எழும்பும் நேரத்தை மட்டும் முதலில் பிடியுங்கள்

படுக்கும் நேரத்தை ஒழுங்குபடுத்துவதில்தான் எல்லோரும் தொடங்குகிறார்கள். பெரும்பாலும் அங்கேயே தோற்றும்போகிறார்கள். தூக்கத்தை வா என்று கட்டளையிட முடியாது. எழும்புவதை மட்டுமே நம்மால் தீர்மானிக்க முடியும். கிழமையில் உங்களுக்கு அதிகம் வருகிற முதல் விரிவுரையின் நேரத்தை எடுத்து, பயணத்துக்கும் சாப்பாட்டுக்கும் வேண்டிய நேரத்தைக் கழித்து, ஒரே ஒரு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தெஹிவளையிலிருந்து காலி வீதி வழியாக பஸ்ஸில் வருபவரும், விடுதியிலிருந்து நடந்து வருபவரும் ஒரே நேரத்தைக் குறிக்கத் தேவையில்லை. உயர்தரக் காலத்தில் நான்கரைக்கு எழும்பியதை எண்ணி அதே நேரத்தைக் குறித்துவிடாதீர்கள். ஆறு மணி போதுமானது. உங்கள் வயதினருக்கு ஏழு முதல் ஒன்பது மணிநேரத் தூக்கம் வேண்டும்.

சனி, ஞாயிறு, போயா விடுமுறை எதுவாக இருந்தாலும் அந்த நேரத்திலிருந்து ஒரு மணிநேரத்துக்கு மேல் விலகாதீர்கள். சனிக்கிழமை பதினொரு மணி வரை தூங்கிவிட்டுத் திங்கட்கிழமை ஆறு மணிக்கு எழும்புகிறவரின் உடல், நாடு விட்டு நாடு பறந்து வந்தவரின் உடலைப்போலத் தடுமாறுகிறது. டில் ரோன்னபெர்க் என்ற ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2006இல் இதற்குச் சமூக ஜெட்லாக் என்றே பெயர் வைத்தார்கள்.

எழும்பிய அரை மணிநேரத்துக்குள் வெளியே வந்து வெளிச்சத்தில் நில்லுங்கள். இந்த விடயத்தில் கொழும்பு நமக்குச் சாதகமான ஊர். நிலநடுக்கோட்டுக்கு அருகே, ஏறக்குறைய ஏழு பாகை வடக்கில் இருப்பதால் இங்கே ஆண்டு முழுவதும் ஆறு மணியளவில் விடிந்துவிடுகிறது. குளிர்நாடுகளில் படிக்கும் நம்மவர்கள் மாதக்கணக்கில் காலை வெளிச்சத்துக்கு ஏங்குவது போல நாம் ஏங்க வேண்டியதில்லை. வெள்ளவத்தையில் தங்கியிருப்பவர் மரைன் டிரைவில் கடலைப் பார்த்துக்கொண்டு இருபது நிமிடம் நடக்கலாம். கொழும்பு ஏழு பக்கம் இருப்பவருக்குச் சுதந்திர சதுக்கமும் விகாரமகாதேவி பூங்காவும் உண்டு. மாலையில் வெளியே போகத் தயங்கும் மாணவிகளுக்கும், வாசற்கதவை நேரத்தோடு பூட்டும் போடிங்குகளில் இருப்பவர்களுக்கும், பலர் நடமாடும் இந்தக் காலை நேரம் பாதுகாப்பாகவும் அமையும்.

இங்கே அறை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நான் இருந்த அனெக்ஸில் ஜன்னல் ஒரு மதிலைப் பார்த்துத் திறந்தது. காலை ஏழு மணியும் இரவு ஏழு மணியும் அதற்குள் ஒன்றாகவே இருந்தன. விடிந்தது தெரியாமலேயே பல நாள் தூங்கியிருக்கிறேன். வாடகை, குளியலறை, தண்ணீர், இணையம் என்று எல்லாவற்றையும் விசாரிக்கும் பெற்றோர், காலை வெயில் எந்தப் பக்கத்தால் வரும் என்று கேட்பதில்லை. அதையும் கேளுங்கள். மலையகத்திலிருந்து வருகிறவர்களுக்குக் கொழும்பின் புழுக்கம் இன்னொரு தடை. படுக்கைக்கு முன் ஒரு குளிப்பும், காற்றாடி நேரே படும்படி கட்டிலைத் திருப்பிப் போடுவதும் அவர்களுக்கு உண்மையிலேயே உதவுகின்றன.

ஒரு வாரம் இப்படி எழும்பினால் படுக்கும் நேரம் தானாக முன்னே வரத் தொடங்கும். அதைத் தடுப்பவை இரண்டு. ஒன்று, இரவு பிளேன்ரீ. தேநீரிலும் கோப்பியிலும் உள்ள கஃபீனில் பாதி உடலிலிருந்து நீங்கவே சுமார் ஐந்து மணிநேரம் எடுக்கும் என்பதால் மாலை நான்கு மணிக்குப் பிறகு அதை நிறுத்துவது நல்லது. மற்றது, தலையணைக்கருகே கைபேசி. அதை மேசையில் வைத்துவிட்டு, எழுப்புவதற்கு ஒரு சாதாரண அலாரக் கடிகாரத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: காலைச் சாப்பாடும் காலைப் பேச்சும்

காலைச் சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இடியப்பமும் சம்பலும் கிடைக்கும் ஒரு கடையைப் பிடித்துக்கொண்டு, நாளும் அதே நேரத்தில் அங்கேயே போங்கள். கடைக்காரர் ஒரு மாதத்தில் உங்களை அடையாளம் கண்டுகொள்வார், ஒருநாள் போகாவிட்டால் அடுத்த நாள் "நேற்று ஏன் வரேல்லை தம்பி?" என்று கேட்பார். அந்தக் கேள்வி ஒரு தூண். பணம் போதாத நாளில் பாணும் பருப்பும் போதும். நேரம் தவறாமல் இருப்பதுதான் முக்கியம்.

பேச்சு பற்றி யாரும் சொல்வதில்லை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். ஊரில் எழும்பிய ஐந்தாவது நிமிடத்தில் யாரோ ஒருவரோடு பேசிவிடுகிறோம். இங்கே தனி அறையில் இருக்கும் ஒரு தமிழ் மாணவர், சிங்களத்தில் பஸ் டிக்கெட் எடுத்து, ஆங்கிலத்தில் விரிவுரை கேட்டு, பிற்பகல் மூன்று மணி வரை தன் மொழியில் ஒரு சொல்லும் பேசாமல் இருந்துவிட முடியும். அந்த மௌனம் நாளடைவில் மனதைச் சுருக்குகிறது. காலை ஏழு மணிக்குள் ஒருவரோடு வாய்விட்டுத் தமிழில் பேசுவதை வழக்கமாக்குங்கள். அம்மாவுக்கான அழைப்பை இரவிலிருந்து காலைக்கு மாற்றலாம். இரவு அழைப்பு பெரும்பாலும் அன்றைய கவலைகளின் கணக்காகவே முடிகிறது, காலை அழைப்பு இரண்டு நிமிடத்தில் நாளைத் தொடக்கி வைக்கிறது. பட்ச்சில் ஒருவரோடு ஒரே பஸ்ஸில் போவதென்று பேசிக்கொள்வது இன்னும் நல்லது, ஏனெனில் சந்தியில் சைக்கிளோடு நின்ற அந்தக் கூட்டாளியின் இடம் அப்போது நிரம்பிவிடுகிறது.

நோன்பு மாதத்தில் முஸ்லிம் மாணவர்களின் தூக்கமும் சாப்பாடும் முற்றாக நேரம் மாறுகின்றன. ஆனாலும் கூட இருந்து சஹர் செய்கிறவர்களும் நோன்பு திறக்கிறவர்களும் இருக்கும் இடத்தில் அந்த மாற்றம் ஆளைச் சாய்ப்பதை நான் அதிகம் கண்டதில்லை. அறையில் தனியாக நோன்பு பிடிக்கும் மாணவர்தான் களைத்துப்போகிறார்.

ஐந்தாம் படி: படிப்பதற்கு அறைக்கு வெளியே ஓர் இடம்

கட்டிலிலேயே படித்து, கட்டிலிலேயே சாப்பிட்டு, கட்டிலிலேயே கைபேசி பார்ப்பவருக்குக் கட்டில் தூங்கும் இடம் என்பதே மூளைக்கு மறந்துபோகிறது. விரிவுரைகளுக்கு இடையில் இரண்டு மணிநேர வெற்றிடம் வரும்போது அறைக்குத் திரும்பாமல் பீட நூலகத்துக்குப் போங்கள். சனிக்கிழமைகளில் பொது நூலகம் இருக்கிறது. வெள்ளவத்தையில் இருப்பவர்களுக்கு 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் நடைதூரத்தில் இருக்கிறது. திறக்கும் நாளையும் நேரத்தையும் ஒருமுறை நேரில் போய்க் கேட்டு எழுதிவையுங்கள். மாணவர்களே ஒருவருக்கொருவர் பாடம் சொல்லித்தரும் குப்பி வகுப்புகள் படிப்புக்கு மிக உதவியானவை, ஆனால் இரவு பதினொரு மணிக்குத் தொடங்கும் குப்பி மறுநாள் காலையையும் சேர்த்துத் தின்றுவிடும். ஒழுங்கு செய்கிறவரிடம் எட்டு மணிக்கு மாற்றுமாறு துணிந்து கேளுங்கள். கேட்கும்போதுதான் வேறு பலரும் அதையே விரும்பியிருந்தது தெரியவரும்.

ஆறாம் படி: ஞாயிறு இரவு பஸ்

வடக்கு, கிழக்கு மாணவர்களை மிக மோசமாகக் குலைப்பது இதுதான் என்பது என் கருத்து. வெள்ளி இரவு பஸ்ஸில் ஏறி ஊருக்குப் போய், ஞாயிறு இரவு திரும்ப ஏறி, விடியற்காலையில் வெள்ளவத்தையில் இறங்கி, முகம் கழுவிக்கொண்டு எட்டு மணி விரிவுரைக்கு ஓடுகிறார்கள். இரண்டு இரவுத் தூக்கம் போய்விடுகிறது; திங்களும் செவ்வாயும் மந்தமாகக் கழிகின்றன; புதன்கிழமை ஊர் நினைவு வருகிறது; வெள்ளி மீண்டும் பஸ். ஊருக்குப் போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை, போகத்தான் வேண்டும். ஆனால் ஒவ்வொரு வாரமும் போவதை மாதத்துக்கு ஒருமுறையாக்கி, போயாவோ வேறு விடுமுறையோ சேர்ந்து வரும் நீண்ட வார இறுதியைத் தெரிந்து, திரும்பும் பயணத்தைப் பகல் ரயிலிலோ பகல் பஸ்ஸிலோ வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு இரவு உங்கள் கட்டிலில் படுத்தால் திங்கள் உங்களுடையதாக இருக்கும்.

ஏழாம் படி: ஐந்து நேரங்களை எழுதிவையுங்கள்

மேலே சொன்ன ஃபிராங்கின் சிகிச்சை முறையில் நோயாளிகள் நாள்தோறும் ஐந்து நேரங்களைக் குறிக்கிறார்கள்: கட்டிலை விட்டு எழும்பிய நேரம், முதன்முதலில் இன்னொருவரோடு தொடர்புகொண்ட நேரம், படிப்போ வேலையோ தொடங்கிய நேரம், இரவுச் சாப்பாட்டு நேரம், படுத்த நேரம். இதற்கு ஒரு சிறிய கொப்பி போதும். ஒவ்வொரு நாளும் ஐந்து எண்களை எழுதி, பக்கத்தில் அன்றைய மனநிலைக்குப் பத்துக்கு ஒரு புள்ளி போடுங்கள். மூன்று வாரத்தில் உங்கள் மனம் எந்த நேரம் தவறும்போது தாழ்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். சிலருக்கு அது தூக்கம். என்னிடம் வந்த ஒரு மாணவிக்கு அது இரவுச் சாப்பாடாக இருந்தது.

அவசரப்பட வேண்டாம். லண்டனில் பிலிப்பா லாலி நடத்திய ஆய்வில், ஒரு புதிய செயல் தன்னியல்பாக மாற நடுத்தரமாக 66 நாட்கள் எடுத்தன. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒருநாள் தவறியது பெரிய பாதிப்பை ஏற்படுத்தவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. ஒருநாள் தவறிவிட்டதென்று கொப்பியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

எட்டாம் படி: மூடப்படும் நாட்களுக்கு முன்கூட்டியே ஆயத்தமாகுங்கள்

நமது பல்கலைக்கழகங்கள் திடீரென மூடப்படுவது புதிதன்று. 2020 மார்ச்சில் தொற்றினால் மூடப்பட்டன. 2022இல் எரிபொருள் இல்லாமல், நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் இல்லாமல் படிக்க நேர்ந்தது. வேலைநிறுத்தங்களும் அவ்வப்போது வருகின்றன. பரீட்சைக்கு முந்திய படிப்பு விடுமுறையும் இதே ஆபத்தை உடையது, ஏனெனில் அப்போதும் வெளியிலிருந்து நேரம் குறிப்பவர் யாரும் இல்லை. அத்தகைய நாட்களில் முழு நேரசூசியையும் காப்பாற்ற முயன்றால் எல்லாமே உடைந்துவிடும். எழும்பும் நேரம், முதற்பேச்சு, இரவுச் சாப்பாடு ஆகிய மூன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். காய்ச்சலில் விழுந்து எழும்பிய பிறகும் இதே வரிசையில்தான் திரும்ப வேண்டும்.

ஒன்பதாம் படி: ஒழுங்கு மட்டும் போதாது என்று தெரியும் கட்டம்

மேற்சொன்னவை மனநோய்க்கு மருந்தல்ல. இரண்டு வாரங்களுக்கு மேல் பெரும்பாலான நாட்களில் மனம் கனத்தே இருந்தால், முன்பு பிடித்த எதிலும் விருப்பமில்லாமல் போனால், பசியோ தூக்கமோ மிகக் குறைந்தோ கூடியோ இருந்தால், தன்னால் ஒரு பயனும் இல்லை என்ற எண்ணம் விடாமல் வந்தால், அது மருத்துவரைப் பார்க்க வேண்டிய நிலை. மாறாக, இரண்டு மூன்று மணிநேரமே தூங்கியும் களைப்பே இல்லாமல் பேச்சும் செலவும் திட்டங்களும் கட்டுக்கடங்காமல் பெருகினாலும் தாமதிக்காமல் காட்ட வேண்டும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கித் தூக்கமாத்திரை போடுவது எந்த நிலையிலும் கூடாது.

பீடத்தில் மாணவர் ஆலோசகராக நியமிக்கப்பட்ட விரிவுரையாளர்கள் இருக்கிறார்கள். பல்கலைக்கழக மருத்துவ நிலையமும் இருக்கிறது. அரசாங்க மருத்துவமனைகளின் மனநலக் கிளினிக்குகளில் பணம் செலுத்தத் தேவையில்லை. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம். தமிழில் பேச வேண்டும் என்று முதலிலேயே கேளுங்கள். 1974இலிருந்து இயங்கும் சுமித்ரயோ, மனம் உடைந்து வருகிறவர்கள் சொல்வதை இரகசியம் காத்துக் கேட்கும் தொண்டு அமைப்பு. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால், உங்களுக்கானாலும் அறைத்தோழருக்கானாலும், தனியே இருக்கவோ இருக்கவிடவோ வேண்டாம்; யாராவது ஒருவர் கூடவே இருந்தபடி உடனடியாக 1926ஐ அழைக்க வேண்டும். உடலுக்கு ஆபத்து நேர்ந்துவிட்டால் 1990 இலவச அம்புலன்ஸ் வரும்.

ஆலோசகர் முன்னால் போய் இருந்தவுடன் சொல்லெழாமல் தவிப்பவர்கள் பலர். எதையும் கோவையாகச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. "மூன்று வாரமாகத் தூக்கம் சரியில்லை, வகுப்புக்குப் போக முடியவில்லை" என்பது போதுமான தொடக்கம். அவர்கள் முதலில் கேட்கப்போவதும் எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், எப்போது சாப்பிடுகிறீர்கள், யாரோடு பேசுகிறீர்கள் என்பனவற்றைத்தான். அந்தக் கொப்பியை எடுத்துக்கொண்டு போய் மேசையில் திறந்து வையுங்கள்.